நடக்கச் சிரமப்படும் அப்பா அம்மாவோடு ராமேஸ்வரம் கரைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், தனுஷ்கோடி, தேவிபட்டினம், ஏர்வாடி என்று ராமநாதபுரம் கரையோரமாகப் பெற்றோரைக் கூட்டி வர நினைக்கிற பிள்ளைகளுக்கு வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை, அதனால் முதல் மூன்று கேள்விகளை விடாமல் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். நூறு அடி நடந்தா உட்காரணும்ங்கிறார். இவரைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் வரலாமா?

வரலாம். ஆனால் கணக்கை மாற்றிப் போடுங்கள். எல்லோரும் கிலோமீட்டரை எண்ணுகிறார்கள். முட்டி தேய்ந்தவரைப் படுத்துவது தூரமல்ல, உட்கார்ந்து எழுவதும் படி ஏறி இறங்குவதும்தான். காரிலிருந்து இறங்குவது ஒன்று, திரும்ப ஏறுவது ஒன்று, நிலைப்படியைத் தாண்டுவது ஒன்று, கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது ஒன்று. இதை ஏற்ற இறக்கக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சாதாரண நாளில் இப்படி எத்தனை முறை முனகாமல் செய்கிறார் என்று இரண்டு நாள் பார்த்து எண்ணுங்கள். பயண நாளில் அந்த எண்ணிக்கைக்கு மேல் நாலில் ஒரு பங்கு கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரே நாளில் ஆறு இடம் என்றால் காரில் ஏறி இறங்குவதே பன்னிரண்டு ஆகிவிடும். கோயிலுக்குள் போகும் முன்பே கையிருப்பு காலி. இரண்டு இடம் மட்டும் போட்டால் அதே மனிதர் கோயில் பிரகாரத்தில் நிதானமாக நின்று தூணைத் தடவிப் பார்ப்பார்.

மொத்தம் எத்தனை நாள் வேணும்? காலைல வந்து ராத்திரி திரும்பிடலாம்னு மாப்பிள்ளை சொல்றார்.

மாப்பிள்ளை கால் வலி இல்லாதவர். மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கும் இரண்டு இரவு தங்கல் வேண்டும். வந்த அன்று எதுவும் பார்க்காதீர்கள், மாலையில் கடல் காற்று மட்டும். மறுநாள் காலை கோயில், மதியம் முழுக்கப் படுக்கை, மாலை சும்மா. மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி, பிறகு ஊர் திரும்பல். நடுவில் கிடைக்கிற அந்த மூன்று மணி நேர மதியத் தூக்கம்தான் முழுப் பயணத்தையும் தாங்குகிறது. அதை வெட்டிவிட்டு இன்னொரு கோயிலைச் சொருகினால் மூன்றாம் நாள் கணுக்கால் வீங்கி நிற்கும்.

எந்த மாசம் நல்லது?

பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை கடைசியும் மாசியும். வெயில் ஏறியிருக்காது, மழை ஓய்ந்திருக்கும். கார்த்திகை தொடங்கி மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்கள் பேருந்து பேருந்தாக வருவார்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றையும் ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில் முடியாதவர்களைக் கூட்டி வரவே வேண்டாம். கூட்டத்தில் யாரும் வேண்டுமென்றே தள்ளுவதில்லை, ஆனால் கைத்தடி தட்டிப்போனால் குனிந்து எடுக்க இடமிருக்காது. ஐப்பசி கார்த்திகையில் வரத்தான் வேண்டும் என்றால் புயல் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரயில் மண்டபத்தோட நின்னுடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பழைய கதை. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதிலிருந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள மண்டபம் ஸ்டேஷன்தான் கடைசியாக இருந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்துவிட்டார்கள். இப்போது ராமேஸ்வரம் வரை ரயிலிலேயே போகலாம்.

கால் முடியாதவருக்கு ரயிலில் இன்னொரு வசதி இருக்கிறது. ராமேஸ்வரம் கடைசி ஸ்டேஷன் என்பதால் எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஆற அமர இறங்கலாம். இதையே ராமநாதபுரத்தில் செய்ய முடியாது, அங்கே வண்டி சில நிமிடங்கள்தான் நிற்கும்.

டிக்கெட் எடுப்பதில் ஒரு நுணுக்கம். கீழ்ப் படுக்கைக்கென்று மூத்த குடிமக்கள் ஒதுக்கீடு உண்டு. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும், அவர்களும் இந்த வயதுக்காரர்களாக இருந்தால்தான் அது பொருந்தும். அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று நால்வரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் ஒதுக்கீடு போய்விடும், அப்பாவுக்கு மேல் படுக்கை விழவும் கூடும். அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

கார்ல வர்றோம். பெரிய வண்டி எடுத்தா வசதியா இருக்கும்ல?

இடம் வசதியாக இருக்கும், ஏறுவது வசதியாக இருக்காது. சீட்டின் உயரம் அவர் நின்றால் முட்டிக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். உயரமான வண்டியில் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும், தாழ்வான காரில் விழுந்து உட்கார்ந்து இழுத்து எழுப்ப வேண்டியிருக்கும். இரண்டும் முட்டிக்கு ஆகாது. உயரமான வண்டிதான் கிடைத்தது என்றால் ஆறு அங்குல உயரத்தில் அகலமான மரப்பலகை மணை ஒன்று வையுங்கள். பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம், ஓரத்தில் மிதித்தால் கவிழும்.

ஏற்றும்போது காலை முதலில் உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள். முதுகைச் சீட்டுக்குக் காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட்டில் ஒரு பட்டுத்துணியோ பிளாஸ்டிக் பையோ விரித்தால் இடுப்பு எளிதாகத் திரும்பும். திரும்பி உட்கார்ந்ததும் அதை உருவிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது முன்னால் வழுக்கும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். இறங்கவில்லை என்றாலும் பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கச் சொல்லுங்கள்.

ரூம் போடும்போது என்ன கேக்கணும்? "லிஃப்ட் இருக்கு"ன்னு எல்லாரும்தான் சொல்றாங்க.

லிஃப்ட் இருக்கும். அந்த லிஃப்டுக்குப் போக வாசலில் ஐந்து படி இருக்கும், அதைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே "தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி" என்று கேளுங்கள். குளியலறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். 18 அங்குல இருக்கை கொண்ட சக்கர நாற்காலியின் மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரும். பல குளியலறைக் கதவுகள் 24 அங்குலம்தான். அப்படி என்றால் கதவு வரை நாற்காலி, அங்கிருந்து நாலு எட்டு நடை என்று கணக்கு வையுங்கள்.

மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா, கட்டில் முட்டி உயரத்துக்கு இருக்கிறதா, வாசல் வரை ஆட்டோ வருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். குளிக்க, கை வைத்த கனமான பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டால் கொடுப்பார்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உப்புக்காற்றில் அதன் திருகாணி துருப்பிடித்துப் போயிருக்கும், பிடித்தால் கையோடு வந்துவிடும்.

வீல்சேர் கொண்டு வரணுமா, கோயில்ல கொடுப்பாங்களா?

பெரிய கோயில்களில் சக்கர நாற்காலி வைத்திருப்பார்கள். கோயில் அலுவலகத்தில் முதல் நாள் மாலையே போய்க் கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்கும் நேரத்தில் இன்னொருவர் அதில் உட்கார்ந்திருக்கக்கூடும். கோயில் வீதிகளில் பேட்டரி வண்டி அன்றைக்கு ஓடுகிறதா, எந்த வாசலில் நிற்கும் என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். ஆனால் ரூம், சாப்பாட்டுக் கடை, கடற்கரை எல்லாவற்றுக்கும் சொந்த நாற்காலிதான் உதவும். வாடகைக்கு எடுத்தாவது கொண்டு வாருங்கள்.

பின்சக்கரம் பெரிதாக இருப்பதை எடுங்கள். நாலும் சின்னச் சக்கரமாக இருக்கும் இலகு நாற்காலி விமான நிலையத்துக்கு நல்லது. இங்கே ஒவ்வொரு நிலைப்படியிலும் முட்டிக்கொண்டு நிற்கும். தினமும் இரவு சக்கரத்தையும் அச்சையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கடல் மணல் புகுந்த அச்சு கிறீச்சிட ஆரம்பித்துவிட்டால் தள்ளுகிறவர் தோள்பட்டைதான் பதில் சொல்லும்.

கோயிலுக்குள்ள எவ்வளவு நடக்கணும்?

மூன்றாம் பிரகாரம் வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 640 அடி, கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய 400 அடி. ஒரு சுற்று வந்தால் 2,000 அடிக்கு மேல். 1,212 தூண் என்று சொல்கிறார்களே, அது இந்தப் பிரகாரம்தான். தரை சமம், நிழல், காற்றோட்டம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் கிடையாது. சுற்றி முடிக்க வேண்டும் என்பதே இல்லை. ஒரு மூலையில் நாற்காலியை நிறுத்தி, தூண் வரிசை முழுவதும் கண்ணுக்கு நேராக வரும்படி திருப்பி வைத்தால் போதும்.

சிரமம் உள்ளே போகப் போக. பிரகாரத்துக்குப் பிரகாரம் கல் நிலைப்படி வரும். ஏற்றும்போது நாற்காலியைப் பின்னால் சாய்த்து முன்சக்கரத்தைப் படிமேல் வைத்து, பின்சக்கரம் படியில் முட்டியதும் தூக்கித் தள்ளுங்கள். இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரம் முதலில் இறங்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் ஆள் முன்னால் சரிந்து விழுவார். பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் நிலைப்படி தாண்டாதீர்கள். முன்னால் நிற்பவர் இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கால் வைக்கும் தட்டைப் பிடித்தால் கழன்று வரும்.

நடை காலை 5 முதல் மதியம் 1 வரை, மாலை 3 முதல் இரவு 9 வரை. அதிகாலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு நெரிசல் அதிகம். மாலை நடை திறந்ததும் போனால் மூச்சு விடலாம்.

அம்மா 22 தீர்த்தமும் ஆடியே தீருவேன்னு அடம் பிடிக்கிறாங்க. வயசு 74, பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க. என்ன செய்ய?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் விழுவதும் இங்கேதான். முதலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிழக்கு வாசலுக்கு எதிரே கடலில் அக்னி தீர்த்தம். அதை முடித்து ஈரத்தோடு கோயிலுக்குள் வந்து, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை ஒவ்வொன்றாகப் போக வேண்டும். பெரும்பாலானவை கிணறுகள். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். சுற்றி வளைத்த நடை, முக்கால்வாசி ஈரக் கல்தரை, ஆயிரம் பேர் மிதித்த வழுவழுப்பு. கூட்டமில்லாத நாளிலேயே ஒரு மணி நேரம் சாதாரணமாக ஆகும்.

ஆபத்து மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று வழுக்கல். இரண்டாவது, திடீரென்று குளிர்ந்த தண்ணீர் தலையில் விழும்போது ரத்த அழுத்தம் ஏறும், இதய நோயாளிகளுக்கு அது ஆகவே ஆகாது. மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: நனைந்த புடவை. காட்டன் புடவை தண்ணீர் குடித்துக் கனத்து, கொசுவம் காலில் சுற்றிக்கொள்ளும். பெரும்பாலும் தடுக்குவது படியல்ல, புடவைதான். கணுக்காலுக்கு மேல் நிற்கிற சுடிதாரோ, ஏற்றிக் கட்டிய சிந்தெடிக் சேலையோ நல்லது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, அம்மாவும் நடக்கக் கூடியவர் என்றால், ஊற்றுபவரிடம் ஒவ்வொரு கிணற்றிலும் "வயசானவங்க, தோள்ல ஊத்துங்க, தலையில தெளிச்சாப் போதும்" என்று சொல்லுங்கள். சொன்னால் கேட்பார்கள். ஒரு கை அவர் முழங்கைக்குக் கீழே தாங்கலாக இருக்கட்டும், மணிக்கட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தலைசுற்றல், நெஞ்சடைப்பு, நடுக்கம் எது வந்தாலும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.

நடக்க முடியாதவருக்கு: நீங்கள் ஆடிவிட்டு ஒவ்வொரு கிணற்றிலும் சிறு செம்பில் கொஞ்சம் பிடித்துச் சேர்த்துக் கொண்டு வந்து, பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் தலையில் தெளியுங்கள். முடியாதவர்களுக்குப் புரோட்சணம் போதும் என்பது பெரியவர்களே சொல்கிற வழக்கம்தான். இதை மகன் சொன்னால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார், குருக்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

தீர்த்தம் ஆடினதும் அப்படியே சாமி பார்த்துடலாமா?

ஈரத்துணியோடு மூலவர் சன்னதிக்குப் போகக் கூடாது, மாற்ற வேண்டும். நின்றுகொண்டே துணி மாற்றுவது வயதானவர்களால் ஆகாத காரியம், ஒற்றைக் காலில் தள்ளாடுவார்கள். ரூம் பக்கத்தில் என்றால் ஆட்டோவில் திரும்பி, உட்கார்ந்து மாற்றி, ஒரு வாய் சுடச்சுடக் குடித்துவிட்டு மாலையில் தரிசனத்துக்கு வாருங்கள். இதற்காகத்தான் இரண்டாம் கேள்வியில் இரண்டு இரவு என்று சொன்னது.

அக்னி தீர்த்தத்துல கடல் அமைதியாத்தானே இருக்கு, இறக்கலாமா?

கடல் அமைதிதான். இந்தப் பக்கக் கடலைப் பெண் கடல் என்றுதான் இங்கே சொல்வார்கள். வழுக்குவது படிக்கட்டுப் பாசி. போதாததற்கு, பரிகாரம் என்று ஆட்கள் அவிழ்த்துவிட்டுப் போகும் துணிகள் தண்ணீருக்கடியில் கிடந்து காலைச் சுற்றும். மேல்படியில் மணை போட்டு உட்கார வைத்து, செம்பில் மொண்டு காலிலும் கையிலும் விடுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கால் விரல் இடுக்கைத் துடைத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு இருபது வருஷமா சுகர். செருப்பில்லாம எப்படி?

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு வெறுங்கால் நடை கோயிலுக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும். வாசல் வரை செருப்போடு வந்து அங்கே கழற்றுங்கள். வெளிவீதி வெயிலில் சூடான தார் ரோட்டில் நாலு எட்டு வைத்தாலே கொப்பளம் வரும், அவருக்குத் தெரியாது. இரவு அடிப்பாதத்தையும் குதிகாலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சிப்பித் துண்டு குத்தியிருந்தால் ரத்தம் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

மாத்திரை, இன்சுலின், சாப்பாடு எல்லாம் எப்படி?

தரிசன வரிசையில் நேரம் நம் கையில் இல்லை. சுகர் மாத்திரையோ ஊசியோ போட்டால் சாப்பிட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். விரதம் என்று வெறும் வயிற்றில் வந்தால் மயக்கம் வரும். வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், 15 நிமிடம் கழித்துச் சரியாகவில்லை என்றால் திரும்பக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இன்சுலினை நிறுத்திய காருக்குள் விட்டு வரக் கூடாது, வெயிலில் கெட்டுவிடும்.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாளில் தாங்களாகவே அதை விட்டுவிடுகிறார்கள். வேண்டாம், நேரத்தை மாற்றலாமா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். பாத்ரூம் பயத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் அதே போலத் தப்பு. வழியெல்லாம் இளநீரும் பதநீரும் நுங்கும் கண்ணில் படும். பதநீர் இனிப்பு, சுகர்காரருக்கு ஆகாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. நுங்கு பாவம், ஒன்றும் செய்யாது.

தனுஷ்கோடில காரை விட்டு எறங்கியே ஆகணுமா?

வேண்டியதில்லை. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு நெடுங்காலம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு நின்றுவிடும், அப்புறம் மணலில் ஓடும் வண்டிதான். அந்தக் குலுக்கலில் இடுப்பு போனவர்கள் உண்டு. 2017இல் அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் தார் ரோடு போட்டுவிட்டார்கள். இப்போது கார் கடைசி வரை போகும். இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல். கண்ணாடியை இறக்கினால் இரண்டும் சீட்டிலிருந்தே தெரியும். இடிந்த தேவாலயத்தைக்கூட ரோட்டிலிருந்தே பார்க்கலாம். இடையில் இருப்பது மணல், அதில் நாற்காலியை இறக்க வேண்டாம்.

இறங்க ஆசைப்பட்டால் அரிச்சல்முனையில் இறக்குங்கள். ஆனால் காற்றைப் பாருங்கள். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) பிடித்துக்கொண்டால் கார்க் கதவைக் கையிலிருந்து பிடுங்கும். பின்பக்கமிருந்து காற்று அடித்தால் கதவு படாரென்று திறந்து அவரையும் இழுக்கும், முன்பக்கமிருந்து அடித்தால் இறங்கும் காலில் வந்து மோதும். அவர் பக்கக் கதவு காற்றுக்கு மறைவாக இருக்கும்படி வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டே இருங்கள். நாற்காலிக்கு இரண்டு பிரேக்கும் போடுங்கள், ஆள் இல்லாத நாற்காலியைக் காற்றே உருட்டிக்கொண்டு போகும்.

காலை 8 மணிக்குள் கிளம்புங்கள். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை வேலையை ரூமிலேயே முடித்துவிட்டு வாருங்கள். இருட்டும் முன் எல்லோரையும் திரும்பச் சொல்லிவிடுவார்கள். அங்கே கடலில் குளிப்பது வாலிபர்களுக்கே ஆபத்து.

பாம்பன் பாலத்துல நிறுத்திக் காட்டலாமா?

நிறுத்தாதீர்கள். 1988இல் திறந்த ரோட்டுப் பாலம், தீவுக்கு அது ஒன்றுதான் சாலை வழி. ஒரு கார் நின்றால் பின்னால் ஆம்புலன்ஸும் நிற்கும். மெதுவாக ஓட்டச் சொன்னாலே ரயில் பாலமும் படகுகளும் நன்றாகத் தெரியும். வந்த ஆசை தீரவில்லை என்றால் ரயிலில் ஒருமுறை மண்டபம் போய் வரலாம். ஆனால் அது ஏற்ற இறக்கக் கணக்கில் நாலு கூடும்.

ராமர் பாதம், தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை... இதுல எது சுலபம்?

ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம் முழுக்கப் படி, விட்டுவிடுங்கள். அப்துல் கலாம் வீட்டில் காட்சிக்கூடம் மாடியில் இருக்கிறது, அதுவும் முட்டிக்கு ஆகாது. பேய்க்கரும்பில் இருக்கும் அவர் நினைவிடம் அதற்கு நேர்மாறு: ரோட்டோரத்திலேயே இருக்கிறது, தரையும் சமதளம். தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குக் கடலுக்குள் நடைமேடை இருக்கிறது, மேடையிலிருந்தே கும்பிடலாம், தண்ணீருக்கு இறங்கும் படியில் மட்டும் பாசி. திருப்புல்லாணி ராமநாதபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர்தான், திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம். உத்தரகோசமங்கைக்கு மார்கழி திருவாதிரையில் வரவே கூடாது. மரகத நடராஜரைச் சந்தனக்காப்பு இல்லாமல் பார்க்க அன்றைக்குத்தான் எல்லோரும் வருவார்கள்.

வாப்பாவ ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போகணும். தனியா ஏதும் பார்க்கணுமா?

சந்தனக்கூடு நாள்களையும் வியாழன் இரவையும் தவிர்த்தால் போதும். வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் நெரிசல், ஒரு மணி நேரம் தள்ளிப் போங்கள். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் இடம் ஈரமாக இருக்கும், வாப்பாவை உட்கார வைத்துப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு போய்க் கொடுப்பது நல்லது. ஓரியூர் அருளானந்தர் ஆலயத்துக்கு அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் இதே போலத்தான்: திருவிழாவை விட்டு வேறு நாள், வெயிலுக்கு முன்.

பேரப்பிள்ளைங்க கடல்ல விளையாடணும்ங்குது. அப்பத்தாவ எங்க உட்கார வைக்க?

அரியமான் கடற்கரைக்குப் போங்கள். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது. அலை குறைவு, ஆழம் குறைவு, சவுக்குத் தோப்பு நிழல், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்கள். அப்பத்தாவுக்குத் தோப்பு ஓரம் போதும், நாற்காலியின் முன்சக்கரத்தை மணலில் இறக்கவே வேண்டாம்.

தண்ணீர் வரை வர ஆசைப்பட்டால் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். முன்சக்கரம் சின்னது, தள்ளினால் புதையும். இழுத்தால் பெரிய சக்கரம் வழி போடும். நாலடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை இரண்டு கொண்டு வந்து, ஒன்றின்மேல் நிறுத்தி அடுத்ததை முன்னால் போட்டுப் போட்டு நகர்த்தலாம். மெதுவான வேலைதான், பேரன்களுக்கு அதுவே ஒரு விளையாட்டு. ஈர மணல் வந்துவிட்டால் பலகை தேவைப்படாது.

காரங்காடு, குருசடைத் தீவு போட்ல ஏத்தலாமா?

வீட்டில் ஒரு சோதனை. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஐந்து விநாடி நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் படகு வேண்டாம். உட்கார்ந்து போவதில் சிரமமில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்று நிற்கிற அந்த ஒரு நொடிதான் சிக்கல்.

கோயிலுக்குள்ள போன் கொண்டு போக முடியாதாமே? கூட்டத்துல அம்மா பிரிஞ்சுட்டா?

2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதிலிருந்து கோயிலுக்குள் செல்போன் கிடையாது, வெளியே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் அம்மாவோடு கூடவே இருக்கும் ஆளிடம் இருக்கட்டும். உள்ளே போகும் முன் "பிரிஞ்சா கிழக்கு வாசல்" என்று ஒரே இடத்தைச் சொல்லி வையுங்கள். மறதி உள்ளவர் என்றால் சொல்லி வைப்பது உதவாது. பெயர், தங்குமிடம், வெளியே இருக்கும் ஒருவர் எண், மாத்திரை விவரம் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜாக்கெட்டிலோ சட்டைப் பையிலோ ஊக்குக் குத்திவிடுங்கள். தீர்த்தத்தில் நனையும், காகிதமாக விடாதீர்கள். அவர் கையை நீங்கள் பிடித்திருக்க வேண்டும், அவர் உங்கள் கையைப் பிடித்திருந்தால் எப்போது விட்டார் என்று தெரியாது.

விழுந்துட்டா?

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். இடுப்பில் வலியா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அசைக்காமல் 108. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், எழுந்து சிரித்துப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முதலுதவிக்கு ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய வைத்தியத்துக்கு ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 55 கிலோமீட்டர் தூரம், நடுவில் பாலம். விடுமுறை நாளில் இந்தத் தூரத்தை மனதில் வையுங்கள்.

வீல்சேர்ல உட்கார மாட்டேங்கிறார். "என்னைப் பாத்துப் பரிதாபப்படணுமா"ங்கிறார்.

உட்காரச் சொல்லாதீர்கள், தள்ளச் சொல்லுங்கள். காலி நாற்காலியில் பைகளை வைத்து அவரையே தள்ளிக்கொண்டு வரச் சொன்னால், பிடிமானத்துக்கு நடைவண்டி மாதிரி ஆகும். நாற்காலி முழுக்கக் காலியாக இருந்தால் அவர் கைப்பிடியில் சாயும்போது பின்னால் கவிழக்கூடும், ஆகவே ஐந்து கிலோவாவது அதில் இருக்கட்டும். தெற்குப் பிரகாரத்தில் பாதி வந்ததும் அவரே பையை எடுத்துவிட்டு உட்காருவார். அப்போது யாரும் எதுவும் சொல்லாமல் இருக்க வேண்டும், குறிப்பாகப் பேரன்.

"நான் வண்டிலயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு அம்மா சொல்றாங்க. விட்டுட்டுப் போறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

அம்மா எதற்காகச் சொல்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். களைத்துப்போய்ச் சொன்னால் அப்படியே விடுங்கள். ஆனால் வண்டியில் அல்ல, நிறுத்திய கார் கால் மணியில் அடுப்பாகிவிடும். நிழலில் நாற்காலி போட்டு, ஒருவர் துணையிருங்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று சொன்னால், முதல் கேள்வியின் கணக்கைச் சொல்லி, இன்றைக்கு இன்னும் எத்தனை பாக்கி இருக்கிறது, அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். சிலர் சன்னதியை விட்டுவிட்டுக் கடலைத் தேர்ந்தெடுப்பார்கள். வாதாடாதீர்கள்.

அப்பா தன் அப்பாவுக்குத் திதி கொடுக்கணும். தரையில சம்மணம் போட முடியாது. நாற்காலில உட்கார்ந்து கொடுத்தா செல்லுமா?

முடியாதவர் மணைமேலோ நாற்காலியிலோ உட்கார்ந்து செய்வதைப் புரோகிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். உட்கார்ந்த பிறகு கேட்காமல், பேசி முடிக்கும்போதே சொல்லிவிடுங்கள். எள்ளும் தண்ணீரும் கீழே உள்ள தாம்பாளத்தில் விழ வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் குனிந்தால் தலை சுற்றும். தாம்பாளத்தை முட்டி உயரத்துக்கு ஒரு முக்காலியில் ஏற்றி வைத்தால் குனிய வேண்டாம். தர்ப்பைப் புல்லையும் எள்ளையும் எடுத்துக் கொடுக்க நீங்கள் இடப்பக்கம் உட்காருங்கள். பிண்டத்தைக் கடலில் கரைக்க அப்பா இறங்கக் கூடாது. நாற்காலியிலேயே அவர் தொட்டுக் கொடுக்க, நீங்கள் எடுத்துக்கொண்டு போய்க் கரைத்துவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில்தான் செய்வார் என்றால் காலை 6 மணிக்கே முதல் ஆளாக உட்கார வைத்துவிடுங்கள், சுகர் மாத்திரையை அது முடிந்து சாப்பிடும்போது வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொண்டு.